கடலில் எடுத்த களை

மண்டபம்
வெள்ளிக்கிழமை

ஏனுங்க,

நல்லா இருக்கீங்களா? தேவாலாவுல மழை விட்டுச்சுங்களா? பாப்பாவுக்குச் சளி குறைஞ்சுதா? நான் சுகமா இருக்கேன்.

போன்ல சொன்னா அத்தைக்கும் கேட்கும், அதான் எழுதறேன். பயப்படாதீங்க, எனக்கு ஒண்ணும் ஆகலை.

இங்க கடலுக்கடியில புல் நடுற வேலை. மூங்கில் சட்டத்துல புல்லைக் கயிறு போட்டுக் கட்டி, இடுப்பளவு தண்ணியில இறக்குவோம். அது தழைச்சாத்தான் மீன் குஞ்சு தங்கும், கடல்பசு மேயுமாம். நேத்து சட்டங்களுக்கு நடுவுல பொடிப்பொடியா என்னமோ முளைச்சிருந்துச்சு. எனக்கு எஸ்டேட் நினைப்பு. தேயிலை வரிசையில களை எடுக்கிற மாதிரியே ஒண்ணு விடாம வேரோட பிடுங்கிட்டேன். கூடை நிறையக் கொண்டு போய் மேஸ்திரி ஜெசிந்தாக்காகிட்டப் பெருமையா காட்டினேனுங்க.

அது களை இல்லை. நட்ட புல்லே வேரோடித் தானா விட்ட துளிர். அதுக்காகத்தான் எல்லாரும் ஒரு வருஷமா காத்துட்டிருந்தாங்களாம். அக்கா திட்டலை. கூடையோட தண்ணிக்குள்ள இறங்கி, ஒவ்வொண்ணா திரும்ப ஊனினாங்க. திட்டியிருந்தாக்கூடத் தேவலைங்க. களை எடுக்கறதுல இவளை மிஞ்ச ஆளில்லைன்னு நீங்க சொல்லி அனுப்பினது காதுலயே நிக்குது.

யாராவது இந்தப் பக்கம் வந்தா நம்ம ஃபேக்டரி தேயிலைத் தூள் கொஞ்சம் குடுத்து விடுங்க. பாப்பா போட்ட சட்டை ஒண்ணும் வைங்க, துவைக்க வேண்டாம்.

கடல் தண்ணி வத்திருச்சு, வேலைக்குக் கூப்பிடறாங்க. நம்ம வாசல்ல ஏதாச்சும் முளைச்சிருந்தா, நான் வர்ற வரைக்கும் இருக்கட்டுங்க.

கோகிலவாணி