அல்பேர் மாமா உயிரோடு இருக்கிறார்

1984 ஜூன் 4

மார்க் ஷீட் வந்துவிட்டது. பி.எஸ்ஸி. விலங்கியல், ஐம்பத்திரண்டு சதவீதம். அப்பா அதைத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கத்தில் மீதி இருக்கும் என்று நினைத்தாரோ என்னவோ.

வரிச்சிக்குடி கூட்டுறவு சங்கத்தில் அவருக்கு எதிர் நாற்காலி காலியாம். உரமூட்டை வந்தது போனது எழுத வேண்டும். ஆகஸ்ட் ஒன்றாம் தேதி பெண் சேர்ந்துவிடுவாள் என்று தலைவரிடம் சொல்லியும் வைத்துவிட்டார். பெண்ணிடம் இன்று சாயங்காலம்தான் சொன்னார்.

ஜூன் 7

மெட்ராஸில் பிசியோதெரபி, பட்டம் வாங்கியவர்களுக்கு, இரண்டு வருஷம். இருபது இடம். போன வருஷம் அறுநூறு பேர் போட்டார்களாம். நானும் விண்ணப்பம் வரவழைத்துவிட்டேன். இது கிடைக்காவிட்டால் எதிர் நாற்காலி. வேறு வழி எதுவும் எனக்கு இல்லை.

"கால் அமுக்கறதுக்கு மெட்ராஸ் போய்ப் படிக்கணுமா?" என்றார் அப்பா.

அமுக்குவதா! பக்கத்து வீட்டு அல்பேர் மாமாவுக்கு இரண்டு வருஷமாக நான் செய்வதைப் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறார்? மாமா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர். பக்கவாதத்தில் இடது கை காலெல்லாம் விழுந்துவிட்டது. ஆஸ்பத்திரி டாக்டர் படம் போட்டுக் கொடுத்த பயிற்சிகளை நான்தான் செய்ய வைக்கிறேன். காலையில் அரைமணி, மாலையில் அரைமணி. மாமா பிரெஞ்சில் எண்ணிக்கொண்டே காலைத் தூக்குவார். ஆறு வரை ஒழுங்காக எண்ணுவார். ஏழாவது தடவை வலி தாங்காமல் கெட்ட வார்த்தை. அதுவும் பிரெஞ்சில்தான். மாமாவின் மனைவி ழானெத் அத்தை உடனே சிலுவை போட்டுக்கொள்வார்.

ஜூன் 11

அப்பாவுக்குத் திடீரென்று என் படிப்பில் அக்கறை. விண்ணப்பத்தில், "விண்ணப்பதாரரை அறிந்த ஒருவரின் பரிந்துரை" என்று ஒரு வரி இருக்கிறது. அதைப் படித்ததும் முகம் மலர்ந்துவிட்டது. "மார்க் கம்மின்னா என்னம்மா? சிபாரிசுக்கு நான் இருக்கேன்!"

ஒருவர் போதும் என்றேன். ஒன்பது பேரிடம் வாங்கிவிட்டார். ஒருவருக்கும் என்னைத் தெரியாது. அரிசி ஆலை காதர் பாட்சா நான் "இறைவனுக்கு அஞ்சுபவள்" என்கிறார். மாஜி கவுன்சிலர் தியாகராசன் எல்லாருக்கும் ஒரே கடிதம்தான் கொடுப்பார், பெயர் மட்டும் காலி. அதன்படி, அஞ்சுகம் ஆகிய நான் மது அருந்தாதவர், லாரி ஓட்டத் தகுதியானவர்.

ஜூன் 14

பத்தாவது பரிந்துரை அல்பேர் மாமாவுடையது. பிரெஞ்சில், தன் கையாலேயே ஒரு பக்கம் எழுதினார். என்ன எழுதினீங்க என்று கேட்டேன். "நீ பொறுமைசாலின்னு. பொய்தான், என்ன செய்யிறது?"

சீல் இல்லாத கடிதத்தை அப்பா கடிதமாகவே ஒப்புக்கொள்ள மாட்டார். நல்லவேளை, மாமாவும் இன்று முனிசிபாலிட்டி ஆபீசுக்குப் போக வேண்டியிருந்தது. அவருக்கு அது இன்னமும் பிரெஞ்சுக்காரர் காலத்துப் பெயரில் 'மேரி'தான். வருஷா வருஷம், தான் உயிரோடு இருப்பதாக அங்கே ஒரு பிரெஞ்சுத் தாளில் கையெழுத்து வாங்கி அனுப்பினால்தான் பிரான்ஸிலிருந்து பென்ஷன் வரும். போன வருஷம் படுத்த படுக்கை, அதிகாரி வீட்டுக்கு வந்து பார்த்துக் கையெழுத்துப் போட்டார்.

இன்று மாமாவே படி ஏறினார். பதினோரு படி, இருபது நிமிஷம். நான் பின்னால் பெல்ட்டைப் பிடித்தபடி. மேலே குமாஸ்தா கேட்டார்: "யாரு கூட்டியாந்தது?"

"யாருமில்ல, நானே வந்தேன்" என்றாரே மனுஷன்! கோபம் வந்தது. அதைவிட அதிகமாகச் சந்தோஷம் வந்தது.

திரும்பி வந்து தாளை எனக்கு வாசித்துக் காட்டினார். "போன வருஷம் 'வீட்டில் பார்த்தேன்'னு போட்டான். இப்ப பாரு, 'என் முன் நேரில் வந்தார்'." நான்கு தடவை வாசித்தார்.

இரண்டு தாளிலும் ஒரே சீல். இரண்டு கவரையும் அப்பாதான் ஒட்டினார். சங்கத்தில் இருபது வருஷமாகக் கவர் ஒட்டுகிறவர், பசைக் கிண்ணத்தை அடுத்தவர் தொட விடமாட்டார்.

ஜூலை 9

இன்டர்வியூ கார்டு! அறுபது பேரைத்தான் கூப்பிட்டிருக்கிறார்களாம். ஐம்பத்திரண்டு சதவீதத்தை எதற்குக் கூப்பிட்டார்கள்?

அப்பாவுக்குச் சந்தேகமே இல்லை. "தியாகராசன் லெட்டர்!"

ஜூலை 18

ஐயோ.

மாமாவுக்குப் பிரான்ஸிலிருந்து கடிதம். வாசித்துவிட்டு இருமல் வரும்வரை சிரித்தார். பிறகு தமிழில் சொன்னார்: "செல்வி அஞ்சுகத்தின் பொறுமையையும் நற்குணத்தையும் அறிந்து மகிழ்கிறோம். தாங்கள் உயிரோடு இருக்கிறீர்களா என்பதைத் தெரிவிக்கவும். அதுவரை பென்ஷன் நிறுத்தப்படுகிறது."

அப்பா கவரை மாற்றி ஒட்டியிருக்கிறார்.

"ரெண்டுலயும் ஒரே சீலு... நா எப்பிடிங்க கண்டேன்?"

"உசுரோட இருக்கிற மனுசனக் கொன்னுட்டீங்களே அண்ணே" என்றார் ழானெத் அத்தை.

மாமா மட்டும் கலங்கவில்லை. "இன்னொரு தடவ ஏறணும். அவ்வளவுதானே?"

அப்படியென்றால் மாமா உயிரோடு இருக்கிற தாள் என் விண்ணப்பத்தோடு மெட்ராஸில் இருக்கிறது. இன்டர்வியூ மூன்று நாளில். போகாமல் இருந்துவிடலாமா? எதிர் நாற்காலியை நினைத்துக்கொண்டு பெட்டியைக் கட்டினேன்.

ஜூலை 21, மெட்ராஸ்

நடந்ததை அப்படியே எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் தூக்கம் வராது.

மேசைக்குப் பின்னால் மூன்று டாக்டர்கள். எலும்புப் பெயர்களையெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு போனேன். ஒருவரும் எலும்பைப் பற்றிக் கேட்கவில்லை. பெரியவர் அந்தத் தாளைத் தூக்கிப் பிடித்தார்.

"பிரெஞ்சு தெரிஞ்சவர வச்சுப் படிச்சோம். இந்த அல்பேர் உயிரோட இருக்கார்னு எங்களுக்கு எதுக்கும்மா தெரியணும்? உன்னக் கூப்பிட்டதே இதக் கேக்கத்தான்."

மூன்று பேரும் சிரித்தார்கள். அழுகைதான் வரும் என்று நினைத்தேன். கோபம் வந்தது. நான் பொறுமைசாலி என்று மாமா சொன்ன பொய் அங்கேயே வெளுத்துவிட்டது.

"அதுல 'நேரில் வந்தார்'னு போட்டிருக்கா, சார்?"

"போட்டிருக்கு."

"போன வருசத் தாள்ல 'வீட்டில் பார்த்தேன்'னு இருக்கும். அந்த ஆபீசுக்குப் பதினோரு படிங்க, சார். பக்கவாதம் வந்த மனுசர். ரெண்டு வருசம் நாந்தான் பயிற்சி குடுத்தேன்."

சிரிப்பு நின்றது. ஓரத்தில் இருந்த பெண் டாக்டர் கேட்டார்: "ஏறும்போது எந்தக் கால் முதல்ல?"

"நல்ல கால். இறங்கும்போது விழுந்த கால்."

"யார் சொல்லிக் குடுத்தா?"

"யாரும் இல்லீங்க. ரெண்டாவது படியில மாமா விழப் பாத்தாரு. அப்பத்தான் புரிஞ்சுது."

அவர் ஏதோ குறித்துக்கொண்டார். நல்லதா கெட்டதா, தெரியவில்லை.

ஆகஸ்ட் 1

எதிர் நாற்காலி. யூரியா பதினாலு மூட்டை.

ஆகஸ்ட் 13

பட்டியலில் இருபதாவது பெயர், கடைசிப் பெயர், என் பெயர்.

அப்பா வாழைத்தாரோடு தியாகராசன் வீட்டுக்குப் போயிருக்கிறார், நன்றி சொல்ல.

1985 ஜூன் 20, ஹாஸ்டல்

அப்பாவிடமிருந்து கவர். நான்கு பக்கமும் பசை. பிரிக்கும்போது மூலை கிழிந்துவிட்டது.

உள்ளே பிரெஞ்சுத் தாள் ஒன்று. இந்தத் தடவையும் மாற்றிவிட்டாரா என்று பதறிப்போனேன். நகல்தான். 'நேரில் வந்தார்' என்ற இடத்தில் மாமா கோடு போட்டிருந்தார். பின்பக்கத்தில் அப்பாவின் எழுத்து:

"ஒரிஜினல் சரியான இடத்துக்கே போயிற்று, இரண்டு தரம் பார்த்தேன். பதினோரு படி, ஒன்பது நிமிஷம். பெல்ட்டைப் பிடித்தது நான். காலையும் மாலையும் பயிற்சியும் நான்தான் கொடுக்கிறேன். அவர் எண்ணுவதைக் கேட்டே பிரெஞ்சில் ஏழு வரைக்கும் எண்ணக் கற்றுக்கொண்டேன். ஏழு சொல்லும்போது மட்டும் ழானெத் ஏன் சிலுவை போடுகிறது என்று விளங்கவில்லை."

பதில் எழுத உட்கார்ந்தேன். ஏழைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை. எட்டு வரை எண்ணச் சொல்லி எழுதியிருக்கிறேன்.