கனேலாவின் குழி

அக்டோபர் 9
தம்பியின் குதிரை கனேலாவைச் சுட்டாயிற்று. மேய்ச்சல் சரிவில் கோஃபர் எலியின் வளைக்குள் அவள் முன்னங்கால் இறங்கி, எலும்பு தோலைக் கிழித்துக்கொண்டு வந்துவிட்டது. குதிரை அலறி நான் கேட்டதேயில்லை. தம்பி ஜில்பெர்ட்டோவேதான் சுட்டான். ஒரே குண்டில் முடியவில்லை, இரண்டு தேவைப்பட்டது. அடிவாரத்திலேயே குழி வெட்டிப் புதைத்தோம்.

அக்டோபர் 12
தம்பி, சான் ஹோசே நகரில் வாடகைக்கு எடுத்த குழாயை எலி வளைக்குள் விட்டு, எரிவாயுவைப் பாய்ச்சிப் பற்றவைக்கிறான். தரை துள்ளுகிறது. எலிகள் துண்டு துண்டாக வந்து விழுகின்றன. காய்ந்த புல் பிடித்துக்கொண்டு அவன் புருவம் பொசுங்கியது. சிரிக்கிறான், பாவி!

"டேய், போதும்டா! என் பட்டாம்பூச்சிப் புழுவெல்லாம் இந்தச் சரிவுலதான் தூங்குது."

"உன் பூச்சி பூவுல உக்காரும். இந்த எலி? ஒளிஞ்சிருந்து வேரை வெட்டும், காலை ஒடிக்கும். ரெண்டும் ஒண்ணா, அக்கா?"

எலிக்கு வெளிச்சம் ஆகாது. நான் வருஷா வருஷம் கணக்கெடுக்கும் கட்டம்போட்ட பட்டாம்பூச்சிக்கோ வெயில் இல்லாமல் பறக்க வராது. அவன் சொன்னது நியாயம்தான். ஆனாலும் மண்வெட்டிக் காம்பால் அவன் தோளில் ஒரு போடு போட்டேன். அவன் தள்ளியதில் என் உதடு கிழிந்தது.

அக்டோபர் 13
அவனுக்குப் பிடித்த லிங்குயிசா தொத்திறைச்சி வறுத்தேன். நாய்க்குப் போட்டான்.

மார்ச் 27
சரிவில் ஒரு கோஃபர்கூட இல்லை. பட்டாம்பூச்சிகள் வந்தன, புழு தின்னும் தரைப்பூண்டுச் செடிகளில் முட்டையிட்டன. "பாத்தியா? எலி செத்து உன் பூச்சிக்கு என்ன கெட்டுப்போச்சு?" என்றான்.

ஏப்ரல் 24
மழை சீக்கிரமே நின்றுவிட்டது. பூண்டெல்லாம் சருகு. குட்டிப் புழுக்கள் இலையின்றிச் சுருண்டு கிடக்கின்றன, எறும்பு இழுத்துப்போகிறது. எலி கிளறிய மண்ணில்தான் பூண்டு இன்னும் கொஞ்ச நாள் கூடுதலாகப் பச்சையாக நிற்கும் — வருஷா வருஷம் பார்த்தேனே, என் மரமண்டையில் ஏறவில்லையே! அவன் சட்டையைப் பிடித்து இழுத்துப்போய்க் காட்டினேன். "பாருடா! நல்லா பாரு!" கையை உதறிவிட்டுப் போய்விட்டான்.

ஏப்ரல் 26
கனேலாவின் குழிமேல் மட்டும் பச்சை! தப்பிய ஓர் எலி அங்கே புது மண் தள்ளியிருக்கிறது. பூண்டில் புழுக்கள் கும்பலாக, உயிரோடு. தம்பியிடம் சொல்லலாமா? அவன் குதிரையின் குழிமேலேயே அவன் எதிரி. தெரிந்தால் விடுவானா? சொல்லவில்லை.

ஏப்ரல் 30
விடிந்ததும் குழிப் பக்கம் துப்பாக்கிச் சத்தம். வெறுங்காலோடு ஓடினேன். போச்சு, எல்லாம் போச்சு என்றுதான் நினைத்தேன்.

குழிமேல் கொயோட் நரி ஒன்று ரத்தத்தில் துடித்து அடங்கியது. எலியின் வளையைப் பாதி பறித்திருந்தது. துப்பாக்கியோடு தம்பி நின்றான்; எலி இருப்பது அவனுக்கு முன்பே தெரிந்திருக்கிறது.

"அக்கா, அது கனேலாவோட எலி," என்றான், என்னைப் பார்க்காமல். "வேற எவனும் தொடக்கூடாது."

நரியின் காலைப் பிடித்து இழுத்துப் போட்டான். பிறகு மண்டியிட்டு, புழுக்கள்மேல் விழாமல், சிதறிய மண்ணைக் கையால் அள்ளி அள்ளி வைத்தான்.