இருபத்தேழாம் எண் கோப்பு

நாள் 4,018. வியாழன். 09:10

சந்திரச் சிறை, மூன்றாம் வளாகம், மருத்துவ ஆவண அறை. காற்றழுத்தம் சரி. வெப்பம் 19. கைதிகளின் கோப்புகள் 64, பூட்டியவை 64.

எழுதுபவர் எமரன்சியா மொத்தா, வயது 71, ஆவணக் காப்பாளர். இங்கே மருத்துவராக இருந்த பெனடிக்ட் மொத்தாவின் மனைவி. அவர் இறந்து பதினோரு மாதமாகிறது. புது மருத்துவர் அடுத்த கப்பலில் வருவதாகச் சொல்கிறார்கள். கப்பல் வர இன்னும் இருபத்தாறு நாள்.

இந்தக் குறிப்பேடு என் சாவியால் மூடப்பட்டது. இதில் பெயர் வருகிற எல்லோரும் இறந்த பிறகுதான் திறக்கும். ஆகவே, படிப்பவரே, எங்களில் ஒருவரும் இப்போது இல்லை. ஒளிக்காமல் எழுதலாம்.

இங்கே அறுபத்து நாலு பெண் கைதிகள். பனியை வெட்டி உருக்கித் தண்ணீராக்குவது அவர்கள் வேலை. ஒரு கைதியின் நோய் மருத்துவருக்கு மட்டுமே தெரியலாம். கண்காணிப்பாளருக்குக் கூடாது, காவலருக்குக் கூடாது, எனக்கும் கூடாது. என்னிடம் சாவி இருக்கிறது. நான் படிப்பதில்லை.

கோப்பைத் திறந்தால் பதிவேட்டில் நான்கு கட்டம் நிரப்ப வேண்டும்: எண், நேரம், பிரிவு, காரணம். யாரும் திருட்டுத்தனமாகத் திறக்கக் கூடாது என்பதற்காகப் பதிவேடு காவல் அறைத் திரையில், தாழ்வாரத்தில் போகிற கைதிகளும் பார்க்கும்படி, எப்போதும் ஓடும். பிரிவு எழுதுவது கட்டாயமில்லை என்கிறது இயந்திரம். எனக்குக் கட்டாயம். தூத்துக்குடியில் எங்கள் மடத்துப் பள்ளியில் மதர் யூலாலியா, வெறும் கட்டத்தைக் கண்டால் விரல் கணுவில் அடிக்கோலால் போடுவார். பிரிவுகளின் பட்டியலை நானே அழகாக எழுதி மருத்துவ அறைக் கதவில் ஒட்டியிருக்கிறேன்.

நாள் 4,018. 15:20

வாராந்தர மருந்து வழங்கினேன். உறைகளில் எண் மட்டும் இருக்கும்.

27ஆம் எண் வந்தாள். பேச்சித்தாய், வயது 39, தண்ணீர் இறைக்கும் அறையில் வேலை. நீலக் கம்பளிச் சட்டை அணிந்திருந்தாள். இடது கையில் ஒரு வரி தவறிப் போய், பிரித்து மறுபடி பின்னிய இடம் தெரிந்தது. அதைப் பின்னியவள் நான். எங்கள் முப்பதாவது திருமண நாளுக்கு, அவருக்காக.

தொலைந்துவிட்டது என்று என்னிடம் சொன்னார்.

நாள் 4,019. 10:00

ஒழுங்காக எழுதுகிறேன். ஆறு வருடம் ஒவ்வொரு வியாழனும் அவர் அவளை முக்கால் மணி நேரம் பார்த்தார். மற்றவர்களுக்குப் பத்து நிமிடம். ஒருமுறை கதவுக்கு வெளியே நின்றபோது உள்ளே இருவரும் சிரிப்பது கேட்டது. அவர் அப்படிச் சிரித்து நான் கேட்டு நாலு வருடமாகியிருந்தது. வீட்டுக்கு வந்து பேசாமல் சாப்பிடுவார்.

இன்னொன்று. 27ஆம் எண்ணுக்கு மட்டும் பிரிவுக் கட்டத்தை அவர் வெறுமையாக விடுவார். ஆறு வருடமும் கண்டித்தேன். "மறந்துட்டேன், எமி" என்பார். மறதிக்காரரல்ல அவர். நோயே இல்லாதவளுக்கு எந்தப் பிரிவை எழுதுவார்?

நாள் 4,022. 11:40

தூக்கமில்லை. அவள் ஒவ்வொரு நாளும் அந்தச் சட்டையைப் போடுகிறாள்.

நாள் 4,023. 14:05

திறந்தேன்.

திருட்டுத்தனமாக இல்லை. கோப்பின் முதல் தாளில் இருந்த பிரிவு எண்ணைப் பார்த்துப் பதிவேட்டில் எழுதினேன். எண் 27. நேரம் 14:05. பிரிவு 7. காரணம், சரிபார்ப்பு. நான்கு கட்டமும் நிரம்பியிருக்கின்றன.

நாள் 4,023. 14:50

எச்.ஐ.வி. சிறைக்கு வரும் முன்பே இருந்திருக்கிறது. மருந்தால் கிருமி அடங்கியிருக்கிறது, யாருக்கும் தொற்றாது. சட்டையைப் பற்றியும் ஒரு வரி: "புது மருந்தால் குளிர் நடுக்கம். என் சட்டையைக் கொடுத்தேன். எமியிடம் காரணம் சொல்ல முடியாது. கோபப்படுவாள்."

அவள் பேச்சை அப்படியே எழுதி வைத்திருக்கிறார்.

"நோயாளி: ஒங்க வீட்டம்மாட்டதான சாவி இருக்கு? பாத்துருவாகளா, அய்யா? நான்: அவளா? எனக்கு வர்ற கடுதாசியக்கூடப் பிரிக்க மாட்டா. பெட்டியில போட்டுப் பூட்டி அது மேல அவ உக்காந்துக்கிடுவா. நோயாளி சிரித்தார். நானும்."

அந்தச் சிரிப்புதான் அது. நான் கதவுக்கு வெளியே நின்று கேட்டது.

நாள் 4,023. 15:10

பிரிவு 7. கதவில் என் கையெழுத்தில் இருக்கிறது: "ஏழு, இரத்தவழித் தொற்று."

அவர் மறக்கவில்லை.

காவல் அறைக்கு ஓடினேன். அந்த வரி திரையில் ஓடி ஒரு மணி நேரமாகியிருந்தது. கைதிகளின் சீருடை முதுகில் எண் பெரிதாக அச்சிட்டிருக்கிறது. பதிவேட்டை அழிக்க முடியாது. அழிக்க முடியாதபடி செய்யச் சொல்லி மனுப் போட்டவளும் நான்தான்.

நாள் 4,024. 08:30

உள்பேசியில் பதிவானவை.

"ஏட்டி, அவ கை வச்ச தண்ணியத்தான நாம இத்தன வருசமா குடிச்சோம்!"

"அவ குளிச்ச தண்ணிதான சுத்திச் சுத்தி நம்ம வாய்க்கு வருது. அவ அறைக் குழாய அடைங்கட்டி!"

"எனக்கு ஒண்ணுமில்லக்கா. சத்தியமா ஒண்ணுமில்ல. மருந்து வயித்துவலிக்கு."

"வயித்துவலிக்கு ஏழாம் நம்பரா? நல்ல வயித்துவலிடி!"

அடைத்துவிட்டார்கள். இறைக்கும் அறை கைதிகள் கையில். கண்காணிப்பாளர் துரைக்கண்ணுவை அழைத்தேன். தண்ணீரால் தொற்றாது என்றேன்.

"உங்களுக்குத் தெரியுது, எனக்கும் தெரியுது மேடம். அதுங்களுக்கு யார் சொல்றது? எங்கிட்ட ஒன்பது காவலர். கப்பல் வரட்டும், பாத்துக்கலாம்."

கப்பல் வர இருபது நாள். அவள் அறையில் அரை வாளித் தண்ணீர்.

நாள் 4,025. 09:00

பதிவேட்டை அழிக்கத்தான் முடியாது. அடித்துத் திருத்தலாம்; சுருக்கொப்பம் வேண்டும். முப்பத்தோரு வருட ஆவண வேலையில் நான் ஒரு வரியும் அடித்ததில்லை. இங்கே எல்லோருக்கும் அது தெரியும்.

ஊழியர்களுக்கும் கோப்பு உண்டு. என் எண் 102.

நாள் 4,025. 09:25

எழுதியது: "27 என்பது என் எழுத்துப் பிழை. திறந்தது 102. எ.மொ."

என் வாழ்நாளின் முதல் பொய்ப் பதிவு.

நாள் 4,025. 11:15

நம்பிவிட்டார்கள். நான் பிழையை ஒப்புக்கொண்டதே அவர்களுக்குப் போதுமான அத்தாட்சி.

"அந்தம்மாவுக்கா! நம்மள ஒரு கோடு கோணலா நிக்க விடாது, அதுக்கா?"

"அப்ப டாக்டரய்யாவுக்கும் இருந்துருக்கும். அதான் செத்துருக்காரு."

அவர் பெயரையும் கறைப்படுத்திவிட்டேன். மன்னிக்கட்டும். எனக்கும் அவரிடம் சில கேள்விகள் இருக்கின்றன.

பேச்சித்தாயின் குழாயைத் திறந்துவிட்டார்கள். "கோவிச்சுக்காதட்டி" என்று ஒருத்தி அவளிடம் சொல்வது கேட்டது. பழையபடி இறைக்கும் அறைக்கு அனுப்பியிருக்கிறார்கள்.

நாள் 4,025. 13:40

உள்பேசி.

"அம்மா. நான் பேச்சித்தாய். ஒங்க ரூம் குழாய அடைக்கச் சொல்லுதாக. உள்ள வர்றதும் வெளிய போறதும். இவுகல்லாம் பக்கத்துலதான் நிக்காக. நாந்தான் அடைக்கணுமாம்." பின்னால் ஒருத்தி அவசரப்படுத்தினாள். "அடைக்கட்டுமாம்மா?"

அவள் மறுத்தால் ஏன் என்று கேட்பார்கள்.

"அடை" என்றேன்.

"அடைச்சிருதேன்." பிறகு, மெதுவாக: "ஒங்களப் பத்தி, கடுதாசி பிரிக்க மாட்டீகன்னு அய்யா சொன்னது சரிதான்னு நெனச்சிருந்தேன்."

உள்பேசியை அணைத்தேன்.

நாள் 4,028. 10:00

இருப்பு, மூன்று லிட்டர். கப்பலுக்குப் பதினாறு நாள். காவலர் யாரும் என் கதவருகே வருவதில்லை. புட்டிகளைத் தாழ்வாரத்து முனையில் வைத்ததாகத் துரைக்கண்ணு சொன்னார். போய்ப் பார்த்தேன். யாரோ எடுத்துவிட்டார்கள்.

நாள் 4,031. 16:00

நாக்கு தடித்திருக்கிறது. எழுத்து கோணுகிறது, மதர் யூலாலியா பார்த்தால் அடிப்பார்.

நேற்று அவரது குறிப்புகளை மறுபடி படித்தேன். இனி எந்த விதி? ஆறு வருடம், ஒவ்வொரு வியாழனும், அவள் பேச்சு, அவள் பயம், அவள் கனவு. என்னைப் பற்றி இரண்டே வரி. கோபப்படுபவள். கடிதம் பிரிக்காதவள். அதையும் அவர் அவளிடம்தான் சொன்னார்.

இப்போது பிரிவு 7இல் என் எண்ணும் இருக்கிறது. கடைசியில் அந்தக் கோப்பில் எனக்கும் ஓர் இடம்.

நாள் 4,032. வியாழன். 15:00

மருந்து. என் அறையிலிருந்தே சாவி திருப்பினால் மருத்துவ அறையில் இழுப்பறை திறக்கும். அடுத்து வரும் வாரங்களுக்கும் நேரம் குறித்துவிட்டேன். கப்பல் தாமதித்தாலும் அவளுக்குத் தடைப்படாது.

கதவுக் கண்ணாடி வழியே பார்த்தேன். உறையை எடுத்துக்கொண்டு தாழ்வாரத்து முனையில் கொஞ்ச நேரம் நின்றாள். இந்தப் பக்கம் பார்க்கவில்லை. நல்லது. பார்க்கக் கூடாது.

நீலச் சட்டை போட்டிருந்தாள். இப்போதும் எரிகிறது எனக்கு. உண்மை என்பதால் எழுதுகிறேன்.

பதிவேடு:

எண் 27. நேரம் 15:00. காரணம், வாராந்தர மருந்து.

பிரிவு