எந்த அலுப்பு?

அன்புள்ள அப்பாவுக்கு சுருளிவேல் வணக்கத்துடன் எழுதுவது. உங்கள் இருமலும் அம்மாவின் முழங்கால் வலியும் தேவலையா? இங்கே துபாயில் நான் சுகம்.

நேற்று சலவைக்கூடத்தில் ஒரு கூத்து. "ஏன் முகம் வாடியிருக்கு?" என்று மேனேஜர் இங்கிலீஷில் கேட்டார். வேலை செய்த அலுப்பு என்று சொல்ல நினைத்து, "டயர்ட் ஆஃப் ஒர்க்" என்றேன். "அப்போ ஊருக்குப் போறியா?" என்று சீறினார். 'டயர்ட் ஃப்ரம் ஒர்க்' என்றால் உடம்பு அலுப்பாம். 'ஆஃப்' என்றால் வேலையே வெறுத்துவிட்டது என்று அர்த்தமாம். கூட இருந்த ஷாஜிதான் எடுத்துச் சொல்லிக் காப்பாற்றினான்.

நமக்கு இரண்டும் ஒரே அலுப்புதானே! திராட்சைத் தோட்டத்திலிருந்து வந்து நீங்கள் "அலுப்பா இருக்கு புள்ள" என்றால், அம்மா வெந்நீர் வைப்பாள். எந்த அலுப்பு என்று கேட்டதில்லை.

கம்பத்தில் அலுப்பு மருந்து வாங்கி, லீவில் வந்திருக்கும் பாண்டியராஜனிடம் கொடுத்துவிடுங்கள். வேலைக்குக் கூட்டிப்போகும் வேன் ஹாரன் அடிக்கிறது, முடிக்கிறேன். எந்த அலுப்புக்கு என்று இந்தத் தடவை அம்மா கேட்டால், உடம்புக்கு என்றே சொல்லுங்கள்.

சுருளிவேல்