நீ ரத்து செய்யாத படிப்பு

வெண்டெல்,

நேற்று என் கடைசித் தேர்வு முடிந்தது. கோடையிலிருந்து கிளார்க்ஸ்வில் மருத்துவமனையில், பக்கவாதம் வந்தவர்களுக்குப் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் வேலை.

ராணுவத்தில் உழைத்து நீ பெற்ற, கல்லூரிக் கட்டணத்தை அரசே கட்டும் படிப்புச் சலுகையை என் பெயருக்கு மாற்றியபோது நாம் கணவன் மனைவி. விவாகரத்துக்குப் பிறகும் அது செல்லும், ஆனால் நீ நினைத்த நாளில் ரத்து செய்யலாம் என்று வக்கீல் சொன்னார். தீர்ப்பன்று நீதிமன்ற வாசலில் உன்னிடமே கேட்டேன். வண்டிக் கண்ணாடியில் உறைந்திருந்த பனியைச் சுரண்டிக்கொண்டே சொன்னாய்:

"நான் ஈராக்குல கிடந்தப்ப இங்க எல்லாத்தையும் நீதானே இழுத்துப் போட்டுச் செஞ்ச? அது உன் பங்கு, படி. புல்லு வெட்டுற மெஷின் மட்டும் எனக்கு."

நான் நம்பவில்லை. ஒவ்வொரு பருவமும் பணம் வந்ததா என்று கல்லூரி அலுவலகத்தில் விசாரித்தேன். "இன்னுமா நிறுத்தாம இருக்கான்? புதுசா ஒருத்தி வரட்டும், அப்பப் பாரு," என்றாள் என் தங்கை. போன வருடம் நீ மறுமணம் செய்துகொண்டாய். அப்போதும் பணம் வந்தது.

முன்பே நன்றி சொல்லியிருந்தால் கெஞ்சுகிறேன் என்று உனக்குத் தோன்றியிருக்கும், எனக்கும்தான். இனி நீ ரத்து செய்ய எதுவும் மிச்சமில்லை.

நன்றி, வெண்டெல்.

இப்படிக்கு,
உன் பழைய வீட்டுக்காரி