நான் வரைந்த முகம்

ஜனவரி 12, ஞாயிறு

வைகுண்ட ஏகாதசி முடிந்தும் ஸ்ரீரங்கத்தில் கூட்டம் குறையவில்லை. பஸ் நகராமல், புத்தூரில் நான் நடத்தும் ஓவிய வகுப்புக்கு அரை மணி தாமதம். அதற்குள் பன்னிரண்டு பேரில் பதினோரு பேர் சூரிய அஸ்தமனம் போட்டுவிட்டார்கள். ஆரஞ்சு டியூப் காலி. அடுத்த மாதக் கண்காட்சியில் இவற்றின் முன்னால் நின்றுதான் பெற்றோர் போட்டோ எடுத்துக்கொள்ளப் போகிறார்கள். என் தலையெழுத்து.

சம்ரீன் மட்டும் வேறு. கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். தையல் மிஷினில் குனிந்திருக்கும் தன் அம்மாவை வரைகிறாள். அந்த முதுகின் வளைவு எனக்கு இருபது வருடமாக வரவில்லை. பொறாமைதான்.

பிப்ரவரி 9, ஞாயிறு

சம்ரீன் முடித்துவிட்டாளாம். முகமே இல்லை! முக்காட்டுக்குள் வெறும் பழுப்பு.

"நான் முகம் வைக்கிறதில்ல மேடம். எங்க மார்க்கத்துல வேணாம்னு நம்புறேன்" என்கிறாள்.

எல்லாச் சாமியும் என் வகுப்புக்குள்தான் வரவேண்டுமா? நான் தூரிகையைத் தவிர எதையும் கும்பிட்டதில்லை. முகம் வரைய வரவில்லை என்று சொல்ல அவளுக்கு வெட்கம். அதற்கு ஒரு மார்க்கம்.

பிப்ரவரி 21, வெள்ளி

கண்காட்சிக்கு முன் வழக்கமாகச் செய்யும் திருப்பணி. யாரிடமும் சொல்லாமல் எல்லாப் படத்திலும் கொஞ்சம் கை வைத்தேன். கோணல் தென்னைகளை நிமிர்த்தினேன். சம்ரீனின் அம்மாவுக்கு முகம் வைத்தேன். சும்மா சொல்லக்கூடாது, அருமையான முகம்.

பிப்ரவரி 23, ஞாயிறு

கண்காட்சியில் சம்ரீனின் அம்மா நசீரா அந்தப் படத்தின் முன் வெகுநேரம் நின்றார். பிறகு என்னிடம் மரியாதையாகக் கேட்டார்:

"நல்லா இருக்குங்க. யாருங்க இந்தம்மா?"

சம்ரீன் படத்தைக் கழற்றி என் முன்னால் வைத்தாள். "வராம விடல மேடம். வேணாம்னு விட்டேன். உங்ககிட்ட சொன்னேன்ல?" படத்தை அங்கேயே விட்டுவிட்டுப் போய்விட்டாள்.

சொன்னாள். சொன்னாளே! என் காதுக்கு என்ன கேடு?

பிப்ரவரி 24

டர்பன்டைனில் துணியை நனைத்துத் துடைத்தேன். அவள் பூசிய பழுப்பு இரண்டு வாரத்தில் நன்றாகக் காய்ந்திருந்தது. நான் வைத்த முகம் மட்டும் துணியோடு வந்துவிட்டது. கீழே அந்த முதுகு, அந்தக் குனிந்த தலை. அச்சு அசல் நசீரா. இதற்கா நான் முகம் கொடுக்கப் போனேன்?

மற்ற பதினோரு படமும் வீடு போய்ச் சேர்ந்தாயிற்று. பெயர் அவர்களுடையது, கை என்னுடையது. பெரிய குரு!

பிப்ரவரி 25

அவர்கள் வீட்டுக்கே போய்ப் படத்தைக் கொடுத்து மன்னிப்புக் கேட்டேன். நசீரா டீ கொடுத்தார். வகுப்புக்கு வருவாயா என்றதற்கு, "பாக்கலாம் மேடம்" என்றாள் சம்ரீன்.

மார்ச் 2, ஞாயிறு

வரவில்லை.

மார்ச் 9, ஞாயிறு

வந்தாள். சுவரோரம் உட்கார்ந்து, நான் பார்க்க முடியாதபடி படத்தைத் தன் பக்கமாகத் திருப்பி வைத்துக்கொண்டு வரைந்தாள்.

"மேடம், இந்தத் தென்னைய மட்டும் சரி பண்ணிக் குடுங்களேன்" என்று ஒரு பையன் வந்தான். இந்தப் பழக்கத்தைக் கொடுத்த புண்ணியவதி நான்தானே.

"பிரஷ்ஷ வீட்டுலயே வெச்சிட்டு வந்துட்டேன்ப்பா. நீயே பாரு" என்றேன். கை அரித்தது. அவ்வளவு கோணல்.

சம்ரீன் நிமிர்ந்து என் வெறுங்கையைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் கழித்து, படத்தை என் பக்கமாகத் திருப்பி வைத்தாள்.