வறண்ட ஆற்றில் ஒரு முழுக்கு

கீழ்க் கடையில் வெள்ளிக்கிழமைகளில் சாம்பிராணி போடத் தொடங்கியிருக்கிறார்கள். இன்று காலை அந்தப் புகை படிக்கட்டு வழியே ஏறி என் அறைக்குள் வந்தது. அரை நித்திரையில் கிடந்த எனக்குச் சாமியறை ஞாபகம் வரவில்லை, யானை லத்தி எரியும் மணம்தான் ஞாபகம் வந்தது. நுளம்பை விரட்டவென்று கூடாரத்தின் முன்னால் காய்ந்த லத்தியைக் கொளுத்திவிட்டு, கண் எரிய எரிய அதன் பக்கத்திலேயே குந்தியிருப்பாய். "ஊரிலை மாட்டுச் சாணி, இஞ்சை ஆனைச் சாணி. எங்கை போனாலும் எங்களுக்குப் புகைதான்" என்பாய்.

நேற்றுத்தான் கென்யாவிலிருந்து திரும்பினேன். பாரிசின் கார் து நோர் ரயில் நிலையத்தில் இறங்கி, பெட்டிகளை இழுத்துக்கொண்டு நடந்து வந்து, இந்த மாடிப்படிகளில் இடையிடையே நின்று மூச்சு வாங்கினேன். பெட்டிகள் இன்னும் அவிழ்க்கப்படாமல் கதவடியில் கிடக்கின்றன. எத்தனை நித்திரை கொண்டாலும் போகாத ஒரு களைப்பு இருக்கிறது, மச்சான். அதைப் பற்றி உன்னிடம் மட்டும்தான் கதைக்கலாம். நீ போய் ஒரு வருஷத்துக்கு மேலாகிறது.

வந்த புதிதில் நானும் நீயும் லா சப்பலின் இதே தெருவில் ஓர் அறைக்குள் வேறு பலரோடு அடைந்து கிடந்தோம். நான் உணவகத்தில் கோப்பை கழுவினேன். நீ படம் கழுவும் கடையொன்றில் சேர்ந்தாய். அங்கே தன் படச்சுருள்களைக் கொடுக்க வருகிற பிரெஞ்சுக்காரர் ஒருவர், ஆபிரிக்கக் காட்டில் மிருகங்களைப் படமெடுப்பவர். முதுகு நோவால் கனமான லென்சுகளைத் தூக்க முடியாமல், உன்னைக் கூட்டிக்கொண்டு போனார். பெட்டி தூக்கப் போன நீ, அவர் கூடாரத்தில் படுத்துவிட்ட நாட்களில் கமராவையும் கையில் எடுத்தாய். பிறகு அவர் போவதை அடியோடு நிறுத்திக்கொள்ள, அவருடைய படங்களை விற்றுவந்த நிறுவனம் அவருக்குப் பதிலாக உன்னை அனுப்பியது. உனக்கு ஒரு சாரதி தேவைப்பட்டது. ஒரு நாள் உணவகத்தின் பின்கதவுக்கு வந்து நின்றாய்.

"நீ யாழ்ப்பாணத்திலை லொறி ஓடினனி. கென்யாவிலையும் இடப்பக்கந்தான் ஓடுறது. வா" என்றாய். நான் கையைத் துடைத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

காடு என்றால் சிங்கம் பாயும், நாங்கள் படமெடுப்போம் என்றுதான் நினைத்திருந்தேன். அந்த வேலையில் பெரும்பகுதி சும்மா இருப்பதுதான் என்று போன பிறகு தெரிந்தது. தகரம் கொதிக்கிற ஜீப்புக்குள் விடியற்காலையிலிருந்து இருக்க வேண்டும். எஞ்சின் போடக்கூடாது, கதவு திறக்கக்கூடாது, இருமக்கூடாது. உடம்பில் கடித்த ஈயைக்கூட மெதுவாகத்தான் தட்ட வேண்டும். படச்சுருள் சூட்டில் பழுதாகாமல் இருக்க நனைந்த சாக்கைச் சுற்றி வைப்போம். நாங்கள் வேர்த்து நாறுவோம். நான் பொறுமை இழந்து வண்டியைக் கொஞ்சம் கிட்டக் கொண்டுபோகட்டுமா என்று கேட்டால் தலையை ஆட்டி மறுப்பாய். "அது எங்களைக் கண்டிட்டுதெண்டால் பிறகு வாறது அதின்ரை படமில்லை. எங்களுக்குப் பயந்த அதின்ரை முகம்" என்று ஒருமுறை சொன்னாய். அந்த ஒரு சொல்லுக்காக எத்தனையோ பகல்களை நாங்கள் அப்படியே இருந்து கழித்தோம்.

எண்பத்து மூன்று ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு இந்தத் தெருவில் நடப்பதே கடினமாகிவிட்டது. தினமும் புதிதாக யாராவது வந்து இறங்கினார்கள், தினமும் ஊரிலிருந்து ஒரு கெட்ட செய்தி வந்தது. தேநீர்க் கடையில் எங்கள் பழைய அறைக் கூட்டாளி ஒருவன் எல்லோருக்கும் கேட்கும்படி உன்னிடம் சொன்னான்: "அங்கை சனம் சாகுது. நீ ஆனையைப் படம் பிடிச்சுக்கொண்டு திரியிறாயோ?" நீ தேநீரைக் குடித்து முடித்துவிட்டு எழுந்தாய். வெளியே வந்த பிறகு நான் அவனைத் திட்டினேன். நீ திட்டவில்லை. அவன் கேட்டது சரிதான் என்றாய். அவனும் இஞ்சை கோப்பைதானே கழுவிக்கொண்டிருக்கிறான், யார் யாரைக் கேட்பது என்றாய்.

உன் அம்மா அப்போது ஊரில் உன் பெரியப்பா வீட்டோடு இருந்தார். நீ ஒரே பிள்ளை. சிங்கத்துக்குக் கிட்டப் போகாதே, காட்டுத் தண்ணியைக் காய்ச்சாமல் குடியாதே என்று கடிதத்துக்குக் கடிதம் எழுதுவார். அவருக்கு நெஞ்சு வருத்தம், இருதயம் பலவீனம் என்று உனக்குத் தெரியும். அகதிக்குக் கொடுத்த பயணப் பத்திரத்தில் எந்த நாட்டுக்கும் போகலாம், சொந்த நாட்டுக்கு மட்டும் போக முடியாது என்பதும் தெரியும்.

அந்த வருஷம் மழை பொய்த்திருந்தது. ஒரு காலை, காட்டு விடுதியின் மேலாளர் தானே வண்டியோட்டிக்கொண்டு எங்கள் கூடாரத்துக்கு வந்தார். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்ததைப் பார்த்தபோதே எனக்கு விளங்கிவிட்டது. ஊரிலிருந்து லா சப்பலுக்கும், அங்கிருந்து நிறுவனத்துக்கும், பிறகு நைரோபிக்கும் போய், கடைசியில் விடுதியின் வானொலிக் கருவிக்கு வந்த, உன் அம்மாவின் சாவுச் செய்தி அது. எங்களிடம் வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. பெரியப்பாவின் மகன் கொள்ளி வைத்திருந்தார்.

இன்றைக்கு வேலை வேண்டாம், கூடாரத்தில் இருப்போம் என்றேன். "இஞ்சை இருந்து என்ன செய்யப்போறம்? வண்டியை எடு" என்றாய்.

வறண்ட ஆற்றுப் படுகைக்குப் போனோம். தந்தத்துக்காக முந்தின வருஷம் சுடப்பட்ட ஒரு பெண் யானையின் எலும்புகள் அங்கே மணலில் கிடந்தன. முகம் கோடரியால் கொத்தப்பட்டிருந்தது. வெயில் ஏறும் நேரத்தில் ஒரு கூட்டம் வந்தது. தண்ணீர் தேடி வந்தவை, எலும்பைக் கண்டதும் நின்றுவிட்டன. மூத்த பெண் யானை முன்னால் வந்து, தந்தம் இருந்த பள்ளத்துக்குள் தும்பிக்கை நுனியை விட்டு, மெல்லத் தடவிக்கொண்டே நின்றது. இளையது ஒன்று கால் எலும்பைத் தூக்கிக் கொஞ்சத் தூரம் கொண்டுபோய் வைத்தது. ஒன்றும் பிளிறவில்லை. கமராவின் சத்தமும் ஈக்களின் சத்தமும் மட்டும்தான். நீ எடுத்துக்கொண்டே இருந்தாய். நான் ஒரு கமராவில் சுருள் மாற்றிக் கொடுக்க, நீ மற்றதை என் கையில் தந்தாய். நான் யானைகளைப் பார்க்கவில்லை, உன் தோளைத்தான் பார்த்தேன்.

அவை போன பிறகு இறங்கி, சட்டையைக் கழற்றிவிட்டு மணலில் சம்மணம் கட்டி இருந்தாய். தண்ணிக் கானை எடுக்கச் சொன்னாய். குடிக்கத்தான் என்று நினைத்து மூடியைத் திறந்து நீட்டினேன்.

"தலையிலை ஊத்து."

"மச்சான், குடிக்க இருக்கிறதே இவ்வளவுதான்."

"ஊத்து."

ஊற்றினேன். கான் வெறுமையாகும்வரை ஊற்றினேன். உன் தலையிலிருந்து வழிந்த தண்ணீரை மணல் உடனுக்குடன் குடித்துவிட்டது. நீ முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டு கனநேரம் இருந்தாய். திரும்பி வரும் வழியெல்லாம் நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது.

மூத்த யானை தந்தப் பள்ளத்தைத் தடவி நின்ற அந்தப் படத்துக்காகப் பாரிசில் ஷாம்பெய்ன் உடைத்தார்கள். அது பத்திரிகை அட்டையில் வந்தது. பிறகு பெரிய சுவரொட்டியாகக் கார் து நோர் மெத்ரோப் பாதையிலும் ஒட்டினார்கள். ஒரு சனிக்கிழமை மீனும் மரக்கறியும் வாங்கிக்கொண்டு அவ்வழியே வந்தபோது, ஒரு பிரெஞ்சுப் பெண் தன் பிள்ளைக்கு அதைக் காட்டி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். நீ பையோடு நின்றுவிட்டாய்.

"எல்லாரும் அம்மான்ரை செத்தவீட்டைப் பார்த்துக்கொண்டு போகினம்" என்றாய்.

அதற்குப் பிறகு அந்தச் சுவரொட்டி கிழியும்வரை நீ அந்தப் பாதையால் வரவில்லை. அடுத்த பயணத்துக்கு நிறுவனம் கூப்பிட்டபோது, அதே மாதிரி இன்னொரு படம் வேண்டும் என்று கேட்டார்கள். நீ ஒரு முறை போய்வந்தாய். பிறகு கமராப் பெட்டியை என் கட்டிலில் வைத்துவிட்டு, "உனக்கு இன்னும் பொறுமை இருக்குது. எனக்கு முடிஞ்சுது" என்றாய். பாரிசுக்கு வெளியே கூசேன்விலில் வீடெடுத்து, விமான நிலையத்தில் பயணப் பெட்டிகள் ஏற்றும் வேலைக்குப் போனாய். உனக்குத் துணையென்று யாரும் வரவில்லை, நீ தேடவும் இல்லை. நான் போகும் விமானத்தில் என் பெட்டிகளை நீயே ஏற்றிவிட்டதாக ஒருமுறை சொல்லிச் சிரித்தாய்.

அம்மாவுக்கு வந்த நெஞ்சு வருத்தம்தான் உனக்கும் வந்தது. ஆஸ்பத்திரிக்கு நான் வந்த அந்தப் பின்னேரம், இன்னும் போகிறாயா என்று கேட்டாய். ஓம் என்றேன். களைப்பாயில்லையா என்றாய். களைப்புத்தான் என்றேன்.

"அப்ப ஏன் போறாய்?"

நான் உன் போர்வையை இழுத்துச் சரிசெய்தேன். நீ யன்னல் பக்கம் பார்த்தபடி, "அங்கை ஒருத்தரும் எங்களை எங்கையிருந்து வந்தனீங்கள் எண்டு கேக்கிறேல்லை. அதுக்குத்தான் நானும் போனனான்" என்றாய். பிறகு, "எனக்குக் கடைசிக் காரியம் நீதான் செய்யவேணும்" என்றாய். விசர்க்கதை கதையாதை என்று அதட்டினேன்.

நான்தான் செய்தேன். தகனசாலை மண்டபத்துக்குள் நெருப்புக் கொளுத்த விடமாட்டோம் என்றார்கள். கொளுத்தாத கர்ப்பூரத்தைச் சவப்பெட்டியின் மேல் வைத்து மூன்று முறை சுற்றி வந்தேன். தேநீர்க் கடையில் உன்னைக் கேட்டவனும் வந்திருந்தான். கடைசிவரை என் பக்கத்தில் நின்றான்.

இப்போது அவன் கேட்ட கேள்வியை இளம் பெடியள் என்னிடம் கேட்கிறார்கள். உன்னைப் போலவே நானும் தேநீரைக் குடித்துவிட்டு எழுந்து வருகிறேன். மழை முடிந்ததும் மறுபடியும் போகவேண்டும். முழங்கால் நோகிறது, கண் பழைய மாதிரி இல்லை, நிறுவனம் இளையவர்களைத் தேடுகிறது. ஆனாலும் போவேன்.

ஒன்று சொல்ல வேண்டும். காத்திருக்கிற நேரங்களில் நான் உன்னோடு கதைக்கிறேன். லா சப்பலில் யார் புதிதாக வந்தது, யாருக்கு விசா கிடைத்தது, யாருக்கு மறுத்தார்கள், ஊரில் எந்தத் தெருவில் ஷெல் குண்டு விழுந்தது என்று எல்லாவற்றையும் சொல்கிறேன். சத்தம் வராது, உதடு மட்டும் அசையும். என்னோடு வருகிற கென்யச் சாரதி நல்ல மனிதர். நான் செபம் சொல்வதாக அவர் நினைத்துக்கொண்டிருக்கிறார். என் உதடு அசையத் தொடங்கினால் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, நான் முடிக்கும்வரை காத்திருக்கிறார். நான் அவரைத் திருத்தவில்லை.